முதல் டவுன்ஹில் நாளுக்கு எப்படித் தயாராவது? கையிலிருந்து தொடங்குங்கள்

லிஃப்டிலோ வண்டியிலோ மேலே போய் சைக்கிளில் மலையிறங்கும் டவுன்ஹில் பைக் பார்க்குக்கு முதல் முறை போகிறவர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் தைரியத்தைப் பற்றித்தான். பயமாக இருக்காதா, விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். பயம் இருக்கும், அது இருப்பது நல்லதும்கூட. ஆனால் மதியத்துக்குள் பலரை ஓரமாக உட்கார வைப்பது கைதான். முன்கை இறுகிப்போகும், விரல் மடங்க மறுக்கும், பிரேக் லீவரை இழுக்கப் பலம் இருக்காது. இதை ஆர்ம் பம்ப் என்கிறார்கள். செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடிக்க முடியாத கையோடு போவதுதான் உண்மையான ஆபத்து. என் முதல் நாளுக்கு நான் தயாரானதும், பிறகு புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவருவதும் இந்த ஒரு கோணத்தில்தான்: கையின் பலத்தை நாள் முழுக்க எப்படிக் காப்பாற்றுவது?

வழக்கமான மலைப்பாதையில் ஏற்றம் உண்டு. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் கைக்கு ஓய்வு கிடைக்கும். டவுன்ஹில் இடங்களில் அந்த ஓய்வு இல்லை. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் கொண்டோலா, அதாவது கம்பிவடத்தில் தொங்கும் பெட்டி, மேலே கொண்டுபோய் விடுகிறது, கனடாவின் விஸ்லரில் கம்பிவடத்தில் நாற்காலிகள் ஓடும் சேர்லிஃப்டும் உண்டு, 2013இல் திறந்த பைக்பார்க் வேல்ஸில் டிரெய்லர் கட்டிய வண்டிகள் ஏற்றிப்போகின்றன. மேலே இறக்கிவிட்டதும் மறுபடி இறக்கம், அப்புறம் மறுபடி இறக்கம். உலகக் கோப்பை டவுன்ஹில் ஓட்டம் ஒன்று பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதே மலையை நாம் இறங்க அதைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும், அத்தனை நேரமும் விரல் பிரேக்கில்தான் இருக்கும். மெதுவாகப் போகிறவருக்குக் கை அதிகம் சோரும் என்பது முதலில் நம்பச் சிரமமான விஷயம். நம்பிவிட்டால், என்ன பயிற்சி தேவை என்பது தானே தெளிவாகிவிடும்.

போவதற்குச் சில வாரங்கள் முன்பே பிரேக் பயிற்சியைத் தொடங்குங்கள். இதற்கு மலை வேண்டியதில்லை, வாகனம் வராத ஒரு காலி மைதானமோ சிறு சரிவோ போதும். தரையில் ஒரு கோடு கீறி, சைக்கிள் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பின் பிரேக் மட்டும் பிடித்துப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், நிற்க நெடுந்தூரம் ஆகும். பிறகு முன் பிரேக்கை மட்டும், மென்மையாகத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தம் கூட்டுங்கள். எவ்வளவு குறைந்த தூரத்தில் நிற்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, முன் டயருக்குப் பிடி கூடுகிறது, பின் டயருக்குக் குறைகிறது. முன் பிரேக்கைத் தொடவே அஞ்சுகிறவர்கள் பின் பிரேக்கை மட்டும் மலை முழுக்க இழுத்துப் பிடித்தபடி இறங்குவார்கள். அவர்கள் கைதான் முதலில் போகிறது.

சரி, முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழ மாட்டோமா? உடம்பு தயாராக இல்லாமல் பிடித்தால் விழலாம். அதனால் நிற்கும் நிலையையும் கூடவே பழக வேண்டும். சீட்டை நன்றாக இறக்கிவிடுங்கள். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக ஒரே மட்டத்தில் இருக்கட்டும். முட்டி மடங்கி, இடுப்பு கொஞ்சம் பின்னால் போய், முழங்கை வெளிப்பக்கம் வளைந்திருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும் கணத்தில் குதிகாலைக் கீழே அழுத்தி, உடம்பைத் தாழ்த்துங்கள். அப்போது உங்கள் எடை பெடலுக்குப் போகும், ஹேண்டில்பாருக்கு வராது. எடை காலில் இருந்தால் கை லேசாக இருக்கும். இந்த ஒரு பழக்கம் இல்லாமல் போனால் எவ்வளவு விலையுயர்ந்த சைக்கிளாலும் உங்கள் கையைக் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான கருத்து.

உடற்பயிற்சியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்டால், பஸ்கி, பாதி குந்திய நிலையில் அசையாமல் நிற்பது, கம்பியைப் பிடித்துத் தொங்குவது, இவை போதும். தொங்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது சைக்கிள். முதல் நாளுக்கு அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் என் சிபாரிசு. டவுன்ஹில் சைக்கிளில் முன்னும் பின்னும் சுமார் 200 மி.மீ. சஸ்பென்ஷன் இருக்கும், தடித்த டயரும் 200 மி.மீ. அளவிலான பிரேக் ரோட்டரும் (பேட் கவ்விப் பிடிக்கும் உலோகத் தட்டு) இருக்கும். கைக்கு வரும் அதிர்ச்சியில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்ளும். சொந்தமாக 140, 150 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் இருந்தால் எளிய தடங்களுக்கு அதுவும் போதும். பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளிலும் எளிய தடத்தில் இறங்கலாம், ஆனால் உடம்பு சீக்கிரம் களைக்கும். வாடகைக்கு என்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கவசம் எல்லாம் சேர்த்து உங்கள் எடை எவ்வளவு என்றும் சொல்லுங்கள், சஸ்பென்ஷனை அதற்கேற்ப வைத்துத் தருவார்கள்.

வாடகை சைக்கிளில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: எந்தக் கை எந்த பிரேக்? பிரிட்டனில் முன் பிரேக் வலது கையில் இருப்பது வழக்கம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலும் முன் பிரேக் இடது கையில் இருக்கும். பழகியதற்கு மாறாக இருந்தால், அவசரத்தில் விரல் பழைய வழக்கத்தைத்தான் பின்பற்றும். கடையிலேயே சொல்லி மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வாகன நிறுத்தத்தில் நிதானமாகச் சுற்றிச் சுற்றி வந்து, கை பழகிய பிறகே மேலே போங்கள்.

பிரேக் லீவரின் இடமும் முக்கியம். ஒரே ஒரு விரல், ஆட்காட்டி விரல், லீவரின் நுனியில் வசதியாக உட்கார வேண்டும். மற்ற மூன்று விரலும் கட்டைவிரலும் கிரிப்பைப் பிடித்திருக்கும். நுனியில் இழுத்தால் குறைந்த பலமே போதும், நெம்புகோலின் கணக்கு அது. லீவர் தூரமாக இருந்தால் அதன் ரீச் திருகைத் திருகிக் கிட்டே கொண்டுவரலாம். சில நிமிட வேலைதான், ஆனால் நாள் முழுக்கப் பலன் தரும்.

சொந்த சைக்கிளைக் கொண்டுபோனால் ஒரு வாரம் முன்னதாகவே அதைப் பார்த்து முடித்துவிடுங்கள், முந்தைய இரவுக்கு ஒத்திப்போட வேண்டாம். பிரேக் பேட் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். நீண்ட இறக்கத்தில் ஆர்கானிக் பேட்டைவிட மெட்டாலிக் பேட் சூட்டைத் தாங்கும். புதிய பேட்டை நேரே மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. சமதளத்தில் கொஞ்சம் வேகமெடுத்து, சக்கரம் பூட்டாமல் நடைவேகத்துக்குக் குறைத்து, இப்படிப் பலமுறை செய்தால்தான் பேடும் ரோட்டரும் ஒன்றோடொன்று பதிந்து முழுப் பிடி கொடுக்கும். லீவரை இழுத்தால் பஞ்சு போல அமுங்குகிறதா? உள்ளே காற்று புகுந்திருக்கலாம், அதை வெளியேற்ற வேண்டும், இதை பிளீட் செய்வது என்பார்கள். அப்போது எண்ணெயைக் கவனியுங்கள்: ஷிமானோ நிறுவனத்தின் பிரேக் மினரல் ஆயிலில் ஓடுகிறது, வேறு பல பிரேக்குகளுக்கு டாட் (DOT) எனும் பிரேக் திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும்.

சஸ்பென்ஷனில் முதலில் பார்க்க வேண்டியது ஸேக், அதாவது நீங்கள் ஏறி நின்றதும் அது எவ்வளவு அமுங்குகிறது என்பது. பின் ஷாக்குக்கு 30 சதவீதம் அளவில் வைத்துத் தொடங்கலாம். ஷாக்கின் தண்டு நகரும் தூரம் 60 மி.மீ. என்றால், அதன்மேல் உள்ள ரப்பர் வளையம் 18 மி.மீ. நகர வேண்டும். முன் ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம். ரீபவுண்டை, அதாவது அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப எழும் வேகத்தை, அதிகம் மந்தமாக வைக்காதீர்கள். ஒரு மேட்டில் அமுங்கியது எழுந்து வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிட்டால், சஸ்பென்ஷன் வரவர இறுகி, அடி எல்லாம் நேரே கைக்கு வரும்.

டயர் காற்றழுத்தம் உங்கள் எடையையும் டயரையும் பொறுத்தது. ட்யூப்லெஸ் டயரில் சராசரி எடையுள்ளவர் முன்னால் 23 முதல் 26 பி.எஸ்.ஐ., பின்னால் 26 முதல் 29 என்று தொடங்கிப் பார்க்கலாம். ட்யூப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள், இல்லையென்றால் கல்லில் இடித்து ட்யூப் கிழியும். உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் காய்ந்துபோயிருக்கிறதா என்றும் பாருங்கள், சில மாதங்களில் காய்ந்துவிடும். பையில் ஒரு ட்யூப், பம்ப், மல்டிடூல், செயின் இணைப்பு, உங்கள் சைக்கிளுக்கே உரிய டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு துண்டு) ஆகியவை இருக்கட்டும். இந்த ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறுபடும், மலையடிவாரக் கடையில் உங்களுடையது கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

கவச விஷயத்தில் நான் சமரசம் சொல்ல மாட்டேன். தாடையையும் மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் வேண்டும். சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1078. டவுன்ஹில்லுக்கென்றே உள்ள தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1952. ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளில் அதைத் தேடுங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது, வெளியே கீறல் தெரியாவிட்டாலும்கூட. முட்டிக்கும் முழங்கைக்கும் பேட், முதுகுக் கவசம், முழு விரல் கையுறை, கண்ணுக்கு காகிள்ஸ் ஆகியவையும் வேண்டும். முதுகுக் கவசத்தில் இ.என். 1621-2 என்று இருந்தால் நல்லது. தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூவும் ஃபிளாட் பெடலும் முதல் நாளுக்குப் பொருத்தம், காலை உடனே எடுத்து ஊன்ற முடியும். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வீட்டருகே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முட்டி பேட் கீழே நழுவுகிறதா, காகிள்ஸ் ஹெல்மெட்டில் சரியாக உட்காருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பயணக் காப்பீடு இருந்தால் அதில் லிஃப்ட் வைத்து இறங்கும் மலைச் சைக்கிள் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். பல காப்பீடுகள் இதைத் தனியாகக் கேட்டு வாங்கச் சொல்கின்றன.

தடங்களின் நிறத்தைப் புரிந்துகொள்வதும் தயாரிப்பில் ஒரு பகுதி. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு வைரம், இரட்டைக் கருப்பு வைரம் என்று கடினம் ஏறும். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல இடங்களிலும் நீலத்துக்கும் கருப்புக்கும் நடுவில் சிவப்பு வரும். நிறம் ஒரு பார்க்குக்குள் ஒப்பிடத்தான் உதவும், இரண்டு பார்க்குகளின் நீலம் ஒன்றாக இருக்காது. அதனால் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் புது இடத்தில் பச்சையிலிருந்தே தொடங்குங்கள். தடங்களின் வீடியோ பார்த்துவிட்டுப் போவது திருப்பங்களை நினைவில் வைக்க உதவும், ஆனால் அகலக் கோணக் கேமரா சரிவைத் தட்டையாக்கிக் காட்டும். நேரில் நிச்சயம் செங்குத்தாக இருக்கும், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

அன்றைய முதல் இறக்கத்தைப் பார்ப்பதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கே பெர்ம் (வெளிப்பக்கம் உயர்ந்த திருப்பம்) வருகிறது, எங்கே வேர், எங்கே பாறை என்று பார்த்தபடி நிதானமாக இறங்குங்கள். தாவுவதற்கான மேடுகளில், டேபிள்டாப் என்றால் நடுவில் மண் நிரம்பியிருக்கும், தாண்டாமல் உருட்டிக்கொண்டே போகலாம். டபுள் என்றால் நடுவில் பள்ளம். எது எது என்று தெரியாத மேட்டில் வேகமாகப் போகக் கூடாது. அதே தடத்தில் இரண்டாவது முறை, மூன்றாவது முறை போங்கள். தெரிந்த தடத்தில் தேவையற்ற பிரேக் குறையும், கையின் பலம் மிஞ்சும்.

பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே, நேராகப் போகும்போதே, அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட்டுத் திரும்புங்கள். தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே போனால் ரோட்டர் சூடேறி பிடி குறையும், விரலுக்கும் ஓய்வு இராது. பிரேக்கை விடுகிற அந்தச் சில நொடிதான் கைக்குக் கிடைக்கும் ஓய்வு. கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, அடுத்த திருப்பத்தில் இருக்க வேண்டும். தூரமாகப் பார்த்தால் திடீர் பிரேக்கும் குறையும்.

கை இறுகத் தொடங்கினால் நில்லுங்கள். தடத்தை விட்டு வெளியே வந்து, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிகிற இடத்தில் நின்று கையை உதறிக்கொள்ளுங்கள். மேட்டுக்குப் பின்னாலும் திருப்பத்துக்குள்ளும் நிற்கவே கூடாது. திரும்பச் சேரும்போது மேலே பார்த்துவிட்டுச் சேருங்கள். தடத்தில் எதிர்த்திசையில் நடந்து ஏற வேண்டாம். நாடா கட்டி மூடிய தடத்துக்குள் போகவே கூடாது, அங்கே யாராவது விழுந்து கிடக்கலாம்.

விழுந்து தலையில் அடிபட்டு, தலைவலி, குமட்டல், மயக்கம், குழப்பம் எது தெரிந்தாலும் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. பார்க்கின் முதலுதவியாளரிடம் சொல்லி, மருத்துவரிடம் போக வேண்டும். இதில் "இன்னும் ஒரே ஒரு முறை" என்ற பேச்சுக்கே இடமில்லை.

தண்ணீரும் சாப்பாடும் வழக்கம்போல், நேரம் தவறாமல். மதியத்துக்கு மேல் ஒவ்வொரு முறையும் லிஃப்டில் ஏறுவதற்கு முன் விரல்களை மடக்கி முஷ்டியாக இறுக்கிப் பாருங்கள். காலையில் இருந்த இறுக்கம் வரவில்லை என்றால் டிக்கெட்டில் நேரம் மிச்சமிருந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

சைக்கிளைக் கழுவும்போதே ஸ்போக், ரிம், பேட் ஆகியவற்றைப் பாருங்கள், ஒரு நாளிலேயே பேட் எவ்வளவு தேய்கிறது என்பது அப்போது தெரியும். டயர் அழுத்தம், ஸேக், ரீபவுண்ட் எத்தனை கிளிக், எந்தத் தடத்தில் எந்த இடத்தில் கை இறுகியது ஆகியவற்றை அன்றிரவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்த இடத்துக்கு முன்னால் எங்கே பிரேக்கை விடலாம் என்று யோசித்துக்கொண்டு போகலாம்.