செம்மண் தரைப் பையன்கள்

நேற்று இரவு பாத்திரம் கழுவும்போது மறுபடியும் அவுட்காஸ்ட், அந்த அமெரிக்க ராப் ஜோடியின் பாட்டு. ஆண்ட்ரேவும் பிக் பாயும் அட்லாண்டாவில் பள்ளிக்கூட நண்பர்கள். இசைத் தயாரிப்பாளர் ரிகோ வேடின் அம்மா வீட்டு நிலவறையில், செம்மண் தரையில் உட்கார்ந்து வரி எழுதிப் பழகியவர்கள். காதல் பாட்டுக்குப் பேர்போன லாஃபேஸ் இசை நிறுவனம் இவர்களை எடுத்ததே எனக்கு ஆச்சரியம். அதிலும் முதல் பாட்டு 1993இல், கிறிஸ்துமஸ் தொகுப்புக்கு! (கேட்டால் கிறிஸ்துமஸ் ஞாபகம் வராது.)

1995இல் நியூயார்க்கில் 'தி சோர்ஸ்' என்ற ஹிப்-ஹாப் பத்திரிகையின் விருது வாங்க மேடையேறினால், கூட்டம் எதிர்ப்புக் கூச்சல் போடுகிறது. அமெரிக்காவின் தெற்கத்திக்காரர்களுக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது என்றார் ஆண்ட்ரே. அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேனோ.

2003இல் வந்த, ஆளுக்கொரு பாதியாகச் செய்த இரட்டை ஆல்பத்துக்கு அடுத்த வருடம் கிராமியின் பெரிய விருது. சரி, ஊரே ஆண்ட்ரேவின் பாதியைக் கொண்டாடட்டும். நான் பிக் பாய் கட்சி.