டெல்லியில் தவில் கிழிந்த கதை

"என்னங்க, தவில் கிழிஞ்சிருச்சா?" என்று மனைவி கேட்டபோது கார் தௌலா குவானில் மாட்டிக்கொண்டு நின்றது. கிருத்திகை என்பதால் ஆர்.கே.புரம் மலை மந்திருக்குக் கிளம்பியிருந்தோம். முருகனைப் பார்க்கப் போகும்போது வண்டியில் நாகஸ்வரம்தான் ஓடும், அது எங்கள் வீட்டு வழக்கம். வலந்தலையில் விரல் விழுவதெல்லாம் கணீரென்று கேட்கிறது. தொப்பிப் பக்கம் குச்சி விழும் இடத்தில் 'தொம்' இல்லை, ஈர அட்டையைக் கிழிப்பது போல ஒரு 'பர்ர்'தான் வருகிறது. டிக்கியில் இருந்த 12 இஞ்ச் வூஃபர், அதாவது கனத்த பாஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர், போய்ச் சேர்ந்துவிட்டது.

காரணம் யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும். பெயரைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். லீவுக்கு வந்திருந்த மச்சினன், "மாமா, பாஸே பத்தல" என்று சொல்லி ஆம்ப்ளிஃபையரில் கெயினையும் பாஸ் பூஸ்ட்டையும் கடைசிவரை திருகிவிட்டு ஊருக்கு ரயிலேறிவிட்டான். கெயினைச் சத்தம் கூட்டுகிற குமிழ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்; உள்ளே வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தி வைக்கிற குமிழ் அது. ஆம்ப் தன் சக்திக்கு மேல் தள்ளப்பட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு வெளியே வரும். அந்த வெட்டுப்பட்ட சத்தம், கோன் என்கிற கூம்பை உள்ளிருந்து அசைக்கும் கம்பிச்சுருளான காயிலைச் சூடாக்கிச் சூடாக்கி வேகவைத்துவிடும். அட்டைப்பெட்டியில் ஆயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஆர்எம்எஸ் என்று பொடி எழுத்தில் இருப்பதுதான், தொடர்ந்து தாங்கும் சக்தியைச் சொல்லும் உண்மையான எண்.

டெல்லி எங்களுக்குப் பழகிவிட்டது. ஜனவரியில் காலை ஆறு மணிக்குக் குளிக்கிறோம். ராஜ்மாவுக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்கிறோம். கத்தரிக்காய்க்கும் முருங்கைக்கும் ஐஎன்ஏ மார்க்கெட்டில் எந்தக் கடை என்பது மனப்பாடம். சத்தத்திலும் இந்த ஊர் நமக்கு இளைத்ததில்லை. கல்யாண சீசனில் பாராத் என்கிற மாப்பிள்ளை ஊர்வலம் வந்தால், டோல் என்கிற மேளத்தை அடிக்கிற அடியில் மூன்றாவது மாடியில் டம்ளர் நடுங்குகிறது. இருந்தாலும் அந்த டோலைக் கேட்கும்போதெல்லாம் ஆடி மாதத்து வேப்பமரமும், அதில் கயிறு போட்டுக் கட்டிய குழாய் ஸ்பீக்கரும், விடியற்காலை நாலு மணிக்குத் தூக்கம் கலைந்த எரிச்சலும்தான் ஞாபகம் வரும். அந்த எரிச்சலுக்காக ஒருநாள் ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சரி, வூஃபருக்கு வருவோம். கீழ்வீட்டு பஞ்சாபி அங்கிள் டிக்கியை எட்டிப் பார்த்துவிட்டு, "நயா லே லோ" (புதுசு வாங்கிக்கோ) என்றார். கொஞ்சம் யோசித்து, "காடி பீ நயீ லே லோ" (வண்டியையும் புதுசா வாங்கிக்கோ) என்றும் சேர்த்துக்கொண்டார். என் வண்டி 2017 மாடல் டீசல் ஸ்விஃப்ட். டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வயதுதான் ஆயுள் என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிக்கு பங்க்கில் எண்ணெயே கிடையாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணமாக வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது, டிசம்பரில் அதையும் திருத்தியது. நாளைக்கு என்ன சொல்வார்களோ. ஆயுசு கெட்டியா என்று தெரியாத வண்டிக்குப் புது வூஃபர் எதற்கு என்பது அங்கிளின் கணக்கு. கணக்கில் தப்பில்லை.

ஆனால் இந்த வண்டி மதுரையிலிருந்து வந்தது. டிஎன் 59 நம்பரோடு ஓடிய காலத்தில், ரிங் ரோட்டில் முன்பின் தெரியாதவர்கள் ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, "மதுரையா சார்?" என்று கேட்பார்கள். ஒருவர் சிக்னல் விழுவதற்குள் தன் மகளுக்கு வரன் பார்ப்பதுவரை சொல்லி முடித்தார். வெளிமாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே ஓட்ட முடியாது என்பதால் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி டெல்லியின் டிஎல் நம்பர் போட்டாயிற்று. இப்போது யாரும் ஹாரன் அடித்து ஊரைக் கேட்பதில்லை. அடித்தால் அது வழிவிடச் சொல்வதற்கு.

நம்பர் போனாலும் டிக்கியில் இருக்கிற பெட்டி மதுரைப் பெட்டிதான். எங்கள் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணன் செய்தது. ஸ்விஃப்டின் டிக்கி மொத்தமே 204 லிட்டர். அதில் இரண்டு சூட்கேஸுக்கு இடம் விட்டு, பின்சீட்டின் சாய்வுக்கு ஏற்ப 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையை அறுத்து, மூலைக்கு மூலை பெவிகால் வழிய ஒட்டி, துளி காற்று போகாமல் அடைத்திருந்தார். அவருக்கு போன் போட்டேன்.

"தம்பி, முதல்ல ஆம்ப்ல ஃபியூஸப் பாரு. வயரு நல்லாருக்கா? சரி, இப்ப ரெண்டு கையையும் விரிச்சு கோன் மேல வச்சு, சமமா அமுக்கு. ஒரு பக்கமா அமுக்காத. உரசுதா?"

"உரசுதுண்ணே."

"மீட்டர் வை."

அது இரட்டைக் காயில், ஒவ்வொன்றும் நாலு ஓம். நல்ல காயில் என்றால் மீட்டரில் மூன்றரை சொச்சம் காட்டும். ஒன்று 3.6 காட்டியது. இன்னொன்று ஒன்றுமே காட்டவில்லை.

"ஒண்ணு வெந்து அத்துப்போச்சு. இன்னொண்ணுல ஓட்டலாம்னு எவனாவது சொல்லுவான், கேக்காத. ஓரத்து ரப்பர் மட்டும் கிழிஞ்சிருந்தா ஒட்டிக் குடுத்திருவாங்க, செலவே இல்ல. இதுக்குக் காயில், கோன் ரெண்டும் மாத்தணும்."

"புதுசு வாங்கிரவா?"

"வாங்கலாம். பெட்டி ஒத்துக்கணும்ல?"

பிரச்சினையே அங்கேதான். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று, கோனுக்குப் பின்னால் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. இந்தப் பெட்டிக்குள் முப்பது லிட்டர் சொச்சம் காற்று, பழைய வூஃபருக்கு அளந்து விட்டது. வேறு வூஃபரைப் போட்டால் திருகுத் துளை ஒத்துவந்தாலும் காற்று ஒத்துவராமல் போகலாம். அப்போது தவில், உறுமி, பறை எல்லாம் ஒரே 'பொம்'மாகக் கேட்கும். புது வூஃபர் என்றால் புதுப் பெட்டி, புதுப் பெட்டி என்றால் கடைக்காரர் தயாராக வைத்திருக்கும் நீல விளக்குப் பெட்டி. சீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டு இஞ்ச் பற்றியும் சொன்னார்கள். இடம் மிச்சம்தான், ஆனால் உறுமிக்கு அது காணாது.

கரோல் பாக் கடையில் புதுசும் பெட்டியுமாக ஒன்பதாயிரம் கேட்டார்கள். செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் ரீகோன் செய்ய, அதாவது காயிலும் கோனும் மாற்ற, இரண்டாயிரத்துக்குள். புது விலையில் பாதியைத் தாண்டினால்தான் ரிப்பேர் நஷ்டம். அதனால் அங்கிளிடம் காட்டவும் ஒரு கணக்கு எனக்குக் கிடைத்துவிட்டது.

காயில் கருகிய வூஃபரைக் கழற்றிப் பையில் போட்டு மெட்ரோவில் கிளம்பினேன். ஸ்கேனர் திரையில் கறுப்பாக, வட்டமாக, நடுவில் கனத்த காந்தத்தோடு என்னவோ தெரிந்ததும் பெல்ட் நின்றது. பையைத் திறக்கச் சொன்னார்கள். சப்வூஃபர் என்றேன். காவலர் கோனை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை வாட்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எல்லா ஊரிலும் ஆண்கள் நெஞ்சை நிமிர்த்தித்தான் பதில் சொல்வார்கள்.

மார்க்கெட்டில் ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய கடை. பெரியவர் பிளேடால் ஓரத்தை வெட்டி, கோனைப் பிடுங்கி, காயிலை என் மூக்கருகே நீட்டினார். வார்னிஷ் தீய்ந்த வாடை. காந்தத்தின் இடுக்கில் ஒட்டுடேப்பை விட்டு விட்டு எடுத்தார், இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு யாருடைய மார்பு எக்ஸ்ரேயோ, அந்தப் பழைய பிலிமைக் கீற்றாக வெட்டி இடுக்கைச் சுற்றிச் செருகினார். புதுக் காயில் நட்ட நடுவில் நிற்பதற்கு அதுதான் ஆதாரம். பசை காய ஒரு ராத்திரி ஆக வேண்டும். மறுநாள் கீற்றுகளை உருவி, நடுவில் தூசி மூடியை ஒட்டி, மீட்டர் வைத்துக் காட்டினார். இரண்டும் மூன்றரை.

சோதிக்க அவர் போட்டது டோல். என் போனில் இருக்கிற தவிலைப் போடச் சொன்னேன். தொப்பிப் பக்கத்து அடி 'தொம்' என்று விழுந்தது. தனி ஆவர்த்தனம் முடிகிறவரை கோனையே பார்த்துக்கொண்டிருந்தவர், "யே பந்தா பஹுத் குஸ்ஸே மே(ன்) ஹை" (இந்த ஆள் ரொம்பக் கோபத்தில் இருக்கிறான்) என்றார். கோபமில்லை, கல்யாணம் என்று விளக்கினேன். நம்பவில்லை.

பெட்டியில் மாட்டி, கெயினைச் சரியாக வைத்து, அண்ணன் சொன்னபடி அந்த இடத்தில் நெயில் பாலிஷில் ஒரு புள்ளியும் வைத்தாயிற்று. செய்தி எப்படியோ மதுரைக்குப் போய்விட்டது. "மாமா, வூஃபர் சரியாயிருச்சாமே! பொங்கல் முடிஞ்சு வரட்டா?" என்கிறான் மச்சினன். வரச்சொல்லியிருக்கிறேன். ஆம்புக்கு ஒரு மூடி அடித்து நாலு பக்கமும் ஸ்குரூ போட்டு இறுக்கியாயிற்று. ஸ்குரூ டிரைவர் என் மனைவியிடம் இருக்கிறது, அவள் யார் பக்கம் என்பதுதான் தெரியவில்லை.