வளைவு ஏறிய வருடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கணக்காளராக இருக்கும் எனக்குப் பிப்ரவரிதான் அடைமழைக் காலம். மாதக் கடைசியோடு வரி ஆண்டு முடிகிறது. "பங்கை விற்கலாமா, வைத்திருக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். வரிக் கணக்கைச் சொல்லிவிடுவேன். மற்றதற்கு வாய் திறக்கச் சற்றுக் கூச்சம்தான்.

2005இல் ஒரு கட்டுமான நிறுவனத்தின் பங்குகளை வாங்கினேன். 2010 கால்பந்து உலகக் கோப்பை இந்த நாட்டுக்கு என்று முந்தைய ஆண்டே முடிவாகியிருந்தது. அரங்கும் சாலையும் கட்டாமல் எப்படி? 2007 இறுதிக்குள், போட்ட பணம் மூன்று மடங்கானது. தரகர் அழைத்தபோது, "விற்றால் வரி போய்விடுமே" என்றேன். அப்போது மூலதன ஆதாய வரி எவ்வளவு போனாலும் லாபத்தில் பத்தில் ஒரு பங்குதான். இன்னும் ஏறும் என்ற ஆசைக்கு வரியைச் சாக்காக்கினேன், அவ்வளவுதான்.

அலுவலக ஜன்னலில், உலகக் கோப்பைக்காகக் கட்டிய மோசஸ் மபிதா அரங்கத்தின் வளைவு துண்டு துண்டாக மேலேறிக்கொண்டிருந்தது. 106 மீட்டர் உயரம். தேநீர்க் கோப்பையோடு நின்று ரசிப்பேன். நான் எதை நம்பிப் பங்கு வாங்கினேனோ அது என் கண் முன்னாலேயே முடிந்துகொண்டிருந்தது. கட்டி முடித்தவர்களுக்கு அடுத்த வேலை எங்கே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் வாங்கிய விலைக்கும் கீழே விற்றேன்.

அதன் பிறகு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பங்கை வாங்கினாலும், ஏன் வாங்கினேன் என்று ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் பொய்யாகிவிட்டால் விற்பேன். விலை ஏறியதற்காக மட்டும் விற்பதில்லை. 2001இல் சீன இணைய நிறுவனமான டென்சென்ட்டில் ஏறக்குறைய பாதியை வாங்கிய இந்த நாட்டு நிறுவனம் நாஸ்பர்ஸ், 2018இல்தான் முதல்முறையாக அதில் இரண்டு சதவீதத்தை விற்றது. கிடைத்தது 980 கோடி டாலர். அதற்கு வெகுமுன்பே, இரட்டிப்பானதும் நாஸ்பர்ஸ் பங்குகளை விற்றுவிட்டுக் கையைப் பிசைந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

2023 பிப்ரவரியில் டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். முந்தைய ஏப்ரல் வெள்ளத்தில் வீட்டின் பின்புறம் சரிவைத் தாங்கிய சுவர் போய்விட்டது. 30,000 ராண்டுக்கு வாங்கிய பங்குகள் 1,10,000 ஆகியிருந்தன. அப்போது ஆண்டுக்கு 40,000 வரையிலான ஆதாயத்துக்கு வரி இருக்கவில்லை. மொத்தமாக விற்றால் அதற்கு மேற்பட்ட 40,000இல் நாற்பது சதவீதம், அதாவது 16,000, அவர் வருமானத்தோடு சேரும். பாதியை இந்த மாதமும் மீதியை மார்ச் 1ஆம் தேதியும் விற்றால் ஒன்றும் சேராது. காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.

"ஆனால் டீச்சர், அதற்குள் விலை சரிந்தால்?"

"சுவர் ஒரு அடி குறையும், தம்பி."

காகிதத்தை நான்காக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். பங்கு இன்னும் ஏறுமா என்று கேட்கவே இல்லை. கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

மார்ச் 1 காலை, நான் அலுவலகக் கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்தது.

"மீதியையும் விற்கச் சொல்லிவிட்டேன், தம்பி. கொத்தனார் வந்து நிற்கிறார், வைத்துவிடட்டுமா?"