நீளக்கூடிய நூலகம்: ஃபிராங்க் ஃபர்னஸின் பென்சில்வேனியா கட்டடம்

பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஃபிஷர் நுண்கலை நூலகத்துக்குப் போகிறவர்கள் அதன் சிவப்பிலேயே மயங்கி நின்றுவிடுவார்கள். மணற்கல், செங்கல், சுடுமண் வேலைப்பாடு எல்லாம் செந்நிறம். முகப்பைப் பார்த்தால் கோட்டையா, தேவாலயமா, ரயில் நிலையமா என்று சொல்வது கடினம். இதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் ஃபர்னஸின் உண்மையான கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்கக் கட்டடத்தின் பின்பக்கம் போக வேண்டும்.

அந்தக் காலத்து நூலகங்களில் உயரமான ஒரே கூடம்தான் இருக்கும். நடுவில் வாசகர்கள் உட்காருவார்கள், சுவரோரம் மாடம் மாடமாகப் புத்தகங்கள் ஏறும். அனல் மேலே போய்த் தேங்கும். உச்சி மாடத்தில் இருக்கும் தோல் அட்டைகள் வறண்டு வெடிக்கும். ஒரு புத்தகம் எடுக்க ஊழியர் மாடி ஏறி இறங்க வேண்டும். தீப்பிடித்தால் எல்லாம் ஒன்றாகப் போகும்.

1888இல் வேலை தொடங்கியபோது நூல்களை எண்களால் வகைப்படுத்தும் முறையை உருவாக்கிய மெல்வில் டியூயியும் ஹார்வர்டு நூலகர் ஜஸ்டின் வின்சரும் ஆலோசனை சொன்னார்கள். ஃபர்னஸ் வாசிப்புக்கூடத்தையும் புத்தக அடுக்கையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார். நான்கு மாடி உயர வாசிப்புக்கூடத்துக்கு மேலிருந்து வெளிச்சம் இறங்கும். மாடிப்படியைக் கோபுரத்துக்குள் தள்ளிவிட்டதால் ஏறி இறங்குபவர்களின் காலடிச் சத்தம் படிப்பவர்கள் காதில் விழாது.

புத்தக அடுக்கு மூன்று தளம், முழுக்க இரும்புச் சட்டம். கூரை கண்ணாடி. நடக்கும் தரையிலும் ஒளி ஊடுருவும் கண்ணாடிக் கட்டிகள் பதித்ததால், கூரையில் விழும் வெயில் தளம் தளமாக வடிந்து கீழ்த்தளம் வரை எட்டும். காகிதக் குவியலுக்கு நடுவே எரிவிளக்கு வைக்க வேண்டியதில்லை. இதற்கும் ஒரு விலை உண்டு: கண்ணாடிக் கூரை கோடையில் சூட்டைக் கூட்டும், வெயில் நேராகப் படும் துணி அட்டை வெளுக்கும்.

தொடக்கக் கொள்ளளவு 1,00,000 நூல்கள். அது நிரம்பினால்? தெற்குச் சுவரை நகர்த்தக்கூடியதாக அமைத்தார். சுவரைத் தள்ளி, இடையில் ஒரே அளவிலான இன்னோர் அங்கணத்தை (கட்டடத்தின் ஒரு கட்டுப் பகுதியை) சேர்த்து, கூரையை நீட்டினால் போதும். 3 அங்கணம் 9 ஆக நீள்வதைக் குறும்பாகப் படமே வரைந்துவைத்தார்.

ஒரு அங்கணம்கூட நீளவில்லை. 1914-15இல் அதே தெற்குப் பக்கத்தை அடைத்து டூரிங் என்ற பெயரில் ஒரு புதுப் பகுதியைக் கட்டினார்கள். வளர வேண்டிய பக்கத்தில் வேறு கட்டடம் எழுப்பாதீர்கள் என்பதைக் கட்டடக்காரர் வரைபடத்தில் எழுதலாம். நிர்வாகம் அதைப் படிக்க வேண்டுமே!

அதுவரை இங்கே இருந்த பல்கலைக்கழகத்தின் முதன்மை நூலகம் 1962இல் வேறு கட்டடத்துக்கு மாறியது. 1986 முதல் 1991 வரை கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் வெஞ்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன் ஆகியோரின் நிறுவனம் பழுதுபார்த்துப் புதுப்பித்தது. ஜன்னல் கண்ணாடிகளில் ஷேக்ஸ்பியர் வரிகள் இருக்கும், கவனியுங்கள். தேர்ந்தெடுத்தவர் ஃபர்னஸின் அண்ணன், ஷேக்ஸ்பியர் அறிஞர் ஹொரேஸ் ஹவர்ட் ஃபர்னஸ்.