இரண்டு படங்களுக்கு வந்த இரண்டு புது முடிவுகள்

2025-இல் வந்த சினிமாச் செய்திகளில் இரண்டு என் மனதை விட்டுப் போகவே இல்லை. ஜூன் 27 அன்று இத்தாலியில் போலோன்யா நகரத்துத் திறந்தவெளிச் சதுக்கத்தில், புதுப்பிக்கப்பட்ட ‘ஷோலே’ என்ற பழைய இந்திப் படத்தைத் திரையிட்டார்கள். சரியாக ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, ‘அம்பிகாபதி’ நம்ம தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு மறுபடி வந்தது. இந்தியில் ‘ராஞ்ஜனா’ என்று 2013-இல் வந்து, தமிழில் மொழிமாற்றிய அதே தனுஷ் படம்தான். இரண்டு படத்திலும், இத்தனை வருடமாக மக்கள் பார்த்துப் பழகிய கிளைமாக்ஸ் மாறியிருந்தது.

ஷோலேயின் புது முடிவு உண்மையில் பழைய முடிவு. இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்தது அதுதான்: முன்னாள் போலீஸ் அதிகாரி தாக்கூர், கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைக் கொன்றுவிடுகிறார். அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. போலீஸ் வேலையில் இருந்த ஒருவர் சட்டத்தைத் தன் கையில் எடுப்பதா என்று தணிக்கையில் மறுத்துவிட்டார்கள். போலீஸ் வந்து தடுக்கிற மாதிரி மாற்றி எடுத்துத்தான் 1975 ஆகஸ்ட் 15 அன்று படம் தியேட்டருக்கு வந்தது. படத்தின் மூல நெகட்டிவ் பிற்பாடு கெட்டுப்போனது. ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு லண்டன் கிடங்கு வரை தேடி, அங்கே கிடந்த சுருள்களைக் கொண்டு, வெட்டுப்பட்ட காட்சிகளையும் சேர்த்துப் படத்தை மீட்டது.

அம்பிகாபதியின் புது முடிவை யாரும் எடுக்கவில்லை. ஏஐ (செயற்கை நுண்ணறிவு) உருவாக்கியது. மூலப் படத்தில் நாயகன் ஆஸ்பத்திரியில் இறந்துபோவான். இதில் கண் விழித்து எழுந்து உட்காருகிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராய் வேண்டாம் என்றார். தனுஷும், இது படத்தின் ஆன்மாவையே பறித்துவிட்டது என்று அறிக்கை விட்டார். உரிமை தயாரிப்பு நிறுவனத்திடம் இருந்தது. அதனால் படம் அந்த முடிவோடுதான் தியேட்டருக்கு வந்தது.

இதை அம்மாவிடம் சொன்னேன். தக்கலையில் எங்கள் வீட்டில் சினிமா விஷயத்தில் கடைசித் தீர்ப்பு அம்மாவுடையது. “எலே மக்கா, அந்தப் பய பொழச்சா உனக்கு என்னலே நட்டம்?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. உடனே எனக்குப் பதில் வரவில்லை. இறந்தவன் பிழைக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வராது. அழுதுகொண்டே தியேட்டரை விட்டு வெளியே வருகிற ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு நம்மோடு வீட்டுக்கு வருவதால்தான் அந்தப் படம் நமக்குள் நிற்கிறது. அதைத் திரையிலேயே நிறைவேற்றிக் கொடுத்துவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவர என்ன இருக்கிறது? அம்மாவிடம் இப்படிச் சொன்னபோது, “நீ சினிமாவ ரொம்பப் பாக்குத” என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டாள்.

சீரியலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நடிகர் மாறினால், இனி இவருக்குப் பதில் இவர் என்று ஒரு கார்டு போட்டுவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்குக் காட்டும் மரியாதை அது. அம்பிகாபதி விஷயத்திலும் மறைக்கவில்லை, ஏஐ முடிவு என்று விளம்பரம் செய்துதான் விட்டார்கள். என் கவலை அடுத்த பத்து வருடத்தைப் பற்றியது. டிவிக்கு எந்தப் பிரதி போகும்? ஓடிடியில் எது இருக்கும்? இன்று பத்து வயதாகும் பிள்ளை வளர்ந்து அந்தப் படத்தைத் தேடும்போது எது கையில் கிடைக்கும்?

சட்டத்தைப் பார்த்தால் இன்னும் கவலையாக இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. ஒரு புத்தகத்துக்கு எழுதியவர்தான் ஆசிரியர். திரைப்படத்துக்கோ, அந்தச் சட்டத்தின்படி, தயாரிப்பாளர்தான் ஆசிரியர். தன் படைப்பைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமையை 57-ஆவது பிரிவு ஆசிரியருக்குத் தருகிறது, அந்தக் கணக்கில் இயக்குநர் வரவே மாட்டார். 2010-இல் கொண்டுவந்த திருத்த மசோதாவில் இயக்குநரையும் ஆசிரியராகச் சேர்க்கப் பார்த்தார்கள். 2012-இல் அது சட்டமானபோது அந்தப் பகுதி இல்லை. அன்று ஏஐ பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று அந்த விடுபட்ட வரியின் விலை தெரிகிறது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனுக்கு இதில் கூடுதல் வலி உண்டு. மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடும் ஜே.சி. டேனியல் 1900-இல் பிறந்தது அகஸ்தீஸ்வரத்தில். ஊரில் இருந்த நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு, ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தை எடுத்தார். 1928 என்றும் 1930 என்றும் வெளியான வருடத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். தலித் பெண்ணான பி.கே. ரோஸி மேல்சாதிப் பெண்ணாக நடித்தார் என்பதற்காகக் கலாட்டா செய்து அவரை ஊரை விட்டே துரத்தினார்கள். டேனியல் கையில் இருந்ததெல்லாம் போய், பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்து, 1975-இல் அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்தார். 1992 முதல் அவர் பெயரில் கேரள அரசு பெரிய விருது கொடுக்கிறது. படம் மட்டும் இல்லை. ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. ரோஸி எப்படி நடித்தார் என்று இனி ஒருவராலும் பார்க்க முடியாது.

டேனியலின் உறவினர் சுந்தர்ராஜ் எடுத்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற இன்னொரு ஊமைப்படத்தின் கதை நேர் எதிர். சி.வி. ராமன்பிள்ளையின் நாவலை வைத்து 1933-இல் எடுத்தது. நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குப் போட்டது. படம் நின்றது, பிரதி அந்த நிறுவனத்தின் கைக்குப் போனது. சுந்தர்ராஜுக்கு அது எவ்வளவு பெரிய அடியாக இருந்திருக்கும்! ஆனால் யாரும் தொடாமல் கிடந்ததால் அந்தச் சுருள் பிழைத்தது. 1974-இல் பூனாவில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கிப் பத்திரப்படுத்தியது. தென்னிந்திய ஊமைப்படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பவை மிகச் சில. அதில் இது ஒன்று.

ஒரே குடும்பம், ஒரே காலம். ஒன்று அழிந்தது, ஒன்று இருக்கிறது. ஓடிடிச் செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு படமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது பத்திரிகைகள் எத்தனை கோடி சந்தாதாரர்கள், என்ன விலை என்று எழுதின. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: எந்தெந்தப் படம் காணாமல் போகும்? உரிமம் முடிந்தால் படம் சத்தமில்லாமல் போய்விடும். நாம் காசு கட்டுவது பார்ப்பதற்கு மட்டும்தான்.

அப்புறம், வீட்டு டிவியே படத்தை மாற்றுகிறதே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புது டிவி வாங்கிய சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் என் கை முதலில் ரிமோட்டுக்குத்தான் போகும். சினிமா நொடிக்கு 24 படச்சட்டங்களாக எடுக்கப்படுகிறது. புது டிவிகள் நொடிக்கு 60, 120 என்று காட்டக்கூடியவை. நடுவில் உள்ள இடைவெளியை, முன்னும் பின்னும் உள்ள சட்டங்களைப் பார்த்துத் தானாகவே கற்பனை செய்து நிரப்பிக்கொள்கின்றன. கிரிக்கெட்டுக்கு அது நல்லது. சினிமாவுக்கு வந்தால் எவ்வளவு பெரிய படமும் வழவழவென்று சீரியல் மாதிரி ஆகிவிடும். கேமராமேன் யோசித்து யோசித்து வைத்த அசைவெல்லாம் போச்சு. 2018-இல் டாம் குரூஸே வீடியோ போட்டு, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்கடுத்த வருடம், இதைத் தானாகவே அணைத்துவைக்கும் ஃபிலிம்மேக்கர் மோட் என்ற செட்டிங்கைச் சில டிவி நிறுவனங்கள் அறிவித்தன. உங்கள் டிவியில் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் ‘பிக்சர்’ (படம்) என்ற பகுதிக்குள் போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் மோஷன் என்ற பெயரில் என்ன இருந்தாலும் அணைத்துவிடுங்கள். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இன்னும் மோசம். அவை கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. அகலத்திரையை நிரப்ப வேண்டும் என்று சேனலோ, யூடியூபில் ஏற்றுகிறவரோ மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள், அல்லது பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். எங்கள் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை அப்படி இழுத்துக் காட்டும்போது எனக்குப் பொறுக்காது. அவருடைய நகைச்சுவை வாயில் பாதி, உடம்பில் பாதி. கால் எப்படி நிற்கிறது, கை எங்கே போகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் சிரிப்பு வரும். காலை வெட்டிவிட்டால்? அவர் 1957-இல் காலமானார். படம் வெளியாகி அறுபது வருடம் ஆனால் பதிப்புரிமை முடிந்துவிடும் என்பதால், அவருடைய படங்கள் இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடக்கூடியவை. உரிமையாளர் இருந்தால் முடிவை மாற்றுகிறார், இல்லாவிட்டால் காலை வெட்ட ஆள் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் படத்தைப் படமாகக் காப்பாற்ற ஒருவர் வேண்டும்.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1993-இல் வந்த ‘மணிச்சித்ரதாழ்’ என்ற மலையாளப் படத்தை 2024 ஆகஸ்டில் 4கே-யில் புதுப்பித்து வெளியிட்டபோது திருவனந்தபுரம் போய்ப் பார்த்தேன். அந்தப் படத்தின் பல காட்சிகளை எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில்தான் எடுத்தார்கள். சின்ன வயதிலிருந்து நடந்து பார்த்த இடம். கேசட்டில் பார்த்தபோது அந்த அரண்மனை முழுக்க ஒரே இருட்டாக இருக்கும். பெரிய திரையில் மரத்தூண்களின் செதுக்கல் தெரிந்தது. இருட்டுக்குள்ளேயே பல இருட்டு இருந்தது. ஷோபனாவின் கண்ணைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இத்தனையும் நெகட்டிவில் முதலிலிருந்தே இருந்தவை. தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் அந்த அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. ஓடு உடைந்தால் அதே மாதிரி ஓடு போடுகிறார்கள். பார்க்க வருபவர்களுக்குப் பிடிக்கும் என்று மேலே இன்னொரு மாடி கட்டுவதில்லை. பழைய படத்தையும் அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

ஏஐ-யையும் முழுசாக ஒதுக்க எனக்கு மனமில்லை. ஏ.ஆர். ரஹ்மான் ‘லால் சலாம்’ பாட்டுக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் மனசு கனத்தது, ஆனால் கோபம் வரவில்லை. அது புதுப் பாட்டு. ஷாகுல் ஹமீது பாடிய பழைய பாட்டு எதிலும் யாரும் கை வைக்கவில்லை.

2025 டிசம்பர் 12-ஆம் தேதி ஷோலே இங்கேயும் தியேட்டருக்கு வந்தது. மறுபடியும் திருவனந்தபுரம் பஸ் பிடித்தேன். அந்த முடிவுக் காட்சி வந்தபோது தியேட்டர் அமைதியாகிவிட்டது. தாக்கூராக நடித்த சஞ்சீவ் குமார் 1985-இல் இறந்துவிட்டார், கப்பர் சிங்காக நடித்த அம்ஜத் கான் 1992-இல். 1975-இல் தியேட்டருக்குப் போனவர்கள் பார்க்காத அந்த நடிப்பை இரண்டு பேரும் ஐம்பது வருடத்துக்கு முன்பே நடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சஞ்சீவ் குமாரின் முகத்தில் அப்போது ஓடுவது அவரே தேர்ந்தெடுத்தது. அம்பிகாபதியில் கண் விழித்து எழுகிற அந்த முகத்துக்குப் பின்னால் அந்த நிமிடத்தை நடித்தவர் என்று யாரும் கிடையாது. அம்மா கேட்ட நட்டம் இதுதான் என்று எனக்கு அங்கே புரிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ ரெண்டையும் வச்சிருக்கச் சொல்லு. பழசக் களையாண்டாம்” என்றாள். நான் கேட்பதும் அவ்வளவுதான். புது முடிவு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும். மூலப் பிரதியை ஆவணக் காப்பகத்தில் கொடுத்துவிட்டு, அது எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று படத்தின் தொடக்கத்திலேயே ஒரு கார்டு போடட்டும்.