ஐந்து மணி ஸ்லாட்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவர்கள் முட்டுக்காடு பாலம் வந்ததும் தானாக வேகத்தைக் குறைப்பார்கள். இடது கைப் பக்கம் கடல், வலது கைப் பக்கம் காயல். வலது பக்கம் வரிசையாக நிற்கிற படகுகள் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினுடையவை. 1984ல் தொடங்கிய படகுத்துறை அது. நம் கடை அது இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, கோவளம் பக்கமாக, தாழம்புதர் ஓரத்தில் இரண்டு சின்ன பைபர் படகுகள் கட்டிக் கிடக்கும். ஒன்று பச்சை. இன்னொன்றும் ஒரு காலத்தில் பச்சைதான். இன்ஜின் கிடையாது, பெடல் கிடையாது. மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவேன், ஆழம் வந்தால் துடுப்பு. ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், காயலைச் சுற்றிக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

இதற்கு முன்னால் சிறுசேரி ஐடி கம்பெனிகளுக்குக் கேப் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே எல்லாமே நிமிஷக் கணக்கு. படகுகள் மாமாவுடையவை, அம்மாவின் தம்பி. அவருக்கு முட்டி வலி வந்து கழியைக் கீழே வைத்தபோது, கேப் ஓட்டிய ஆளுக்குப் படகு என்ன பெரிய கஷ்டம் என்று நான் வந்து ஏறினேன். தள்ளுவது பழகிவிட்டது. மணிக் கணக்குதான் ஒத்துவரவில்லை.

"ப்ரோ, சாட்டர்டே ஈவ்னிங் அஞ்சு மணி ஸ்லாட் இருக்கா?" என்று மெசேஜ் வரும். ஸ்லாட் இருக்கிறது. தண்ணீர் இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

பாலத்துக்குக் கிழக்கே காயல் கடலோடு சேருகிற இடம்தான் முகத்துவாரம். அது வருஷம் முழுக்கத் திறந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே இருக்கிற ஏரிகள் நிரம்பி, அந்தத் தண்ணீரெல்லாம் இங்கே இறங்கி, மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போகும். அப்போது காயல் முழுக்க டீ நிறம். இழுப்பும் அதிகம். எவ்வளவு கொடுத்தாலும் படகை அவிழ்க்க மாட்டேன். தை பிறந்தால் தெளியும். அதிலிருந்து பங்குனி வரை கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே வந்து வெளியே போகும். நாங்கள் ஏத்தம், வத்தம் என்போம். சித்திரை, வைகாசியில் தெற்கேயிருந்து வருகிற அலை மணலைக் கொண்டுவந்து போட்டு வாயை அடைத்துவிடும். சில வருஷம் பொக்லைன் வைத்து வெட்டிவிடுவதும் உண்டு. வெட்டாவிட்டால் ஏத்தமும் இல்லை, வத்தமும் இல்லை. வெயிலில் தண்ணீர் சுண்டிக்கொண்டே போகும், உப்பு ஏறும், சேறு நாறும்.

ஆக, தை முதல் வாய் திறந்திருக்கிற மாதங்கள்தான் சீசன். சென்னைக் கடலில் ஏத்தம் ஒன்றும் பெரிதில்லை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஒரு மீட்டர் அளவு. காயலுக்குள் வருவதற்குள் அதுவும் குறைந்துவிடும். ஆனால் நடுத் திட்டுகளில் ஏத்தத்திலேயே முழங்கால் அளவு தண்ணீர்தான். ஒரு ஜாண் குறைந்தால் ஆட்களோடு இருக்கிற படகு தரைதட்டும். அந்த ஏத்தமும் ஒரே நேரத்துக்கு வராது. தினமும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு நிறைந்து கிடந்த இடம், அடுத்த சனிக்கிழமை அதே ஐந்து மணிக்குச் சேறாகக் கிடக்கும். இதை வாட்ஸப்பில் ஒருவருக்கு அழகாக எழுதி விளக்கினேன். "ஓகே ப்ரோ, பட் சன்செட் ஆறு மணிக்குத்தானே?" என்று பதில் வந்தது.

மாமாவுக்கு இதெல்லாம் சிரிப்பு. அவருடைய அப்பா பக்கிங்காம் கால்வாயில் உப்புப் படகு தள்ளியவர். உப்பளத்தில் ஏற்றினால் பேசின் பிரிட்ஜில் போய் இறக்க வேண்டும். காற்று இருந்தால் பாய் கட்டுவார்கள். காற்று செத்தால் கழி. அதுவும் முடியாவிட்டால் இரண்டு பேர் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே நடப்பார்கள். எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று யாரும் கேட்டதில்லையாம், எந்த ஊர் வரைக்கும் வந்திருக்கிறது என்றுதான் கேட்பார்களாம். தாது வருஷப் பஞ்சத்தில், 1877, 78 வாக்கில், கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களை வைத்து அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே வெட்டிச் சேர்த்த கால்வாய் அது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபு, அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 1965, 66 புயல்களில் அடிபட்ட பிறகு படகுப் போக்குவரத்து மெல்ல மெல்ல நின்றது. இன்றைக்கு மயிலாப்பூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள் நிற்கின்றன. மாமா ஒரு தடவை அந்த ரயிலில் ஏறி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துவிட்டு, இதில் இனிமேல் தெர்மாகோல்தான் போகும் என்றார்.

கழி தள்ளுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏறுகிற எல்லோரும் ஒரு தடவை கொடுங்கள் என்று கேட்கிறார்கள். கழியை நேராகக் குத்தக் கூடாது. பின்பக்கமாகச் சாய்த்து ஊன்றி, கை மாற்றிக் கை மாற்றி மேலே பிடித்துக்கொண்டே உடம்பின் கனத்தைக் கொடுக்க வேண்டும். அடியில் மணல் என்றால் நறுக்கென்று நிற்கும், உள்ளங்கைக்கு அதிர்வு வரும். சேறு என்றால் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகும். அதற்காகவே முனையில் குறுக்குக் கட்டை அடித்த இன்னொரு கழி வைத்திருக்கிறேன். ஊன்றி முடித்ததும் இழுப்பதற்கு முன்னால் ஒரு திருகு. திருகாமல் இழுத்தால் சேறு கழியை விடாது, படகு நிற்காது, நடுவில் ஆள் தொங்குவான். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டுக்கு வந்த ஒரு கேமராக்காரர் இப்படித்தான் இடுப்பளவு சேற்றில் இறங்கினார். கேமரா அசிஸ்டென்ட்டிடம் இருந்தது, அதனால் அவருக்கு ஒன்றும் பெரிய வருத்தமில்லை.

அவர்தான் எனக்கு வெனிஸைக் காட்டியவர். மணமக்களுக்கு அந்த ஊர்க் கால்வாய்களில் ஓடுகிற கொண்டோலா படகு மாதிரி வேண்டுமாம். கோடு போட்ட டீஷர்ட்டும் ரிப்பன் கட்டிய தொப்பியும் எனக்கென்று வாங்கியே வந்திருந்தார். டீஷர்ட் தொப்பைக்கு மேலேயே நின்றது. "அண்ணா, பின்னாடி நின்னு அப்படியே பாடுங்க, ஆடியோ வேணாம், வாய் அசைஞ்சா போதும்" என்றார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கொண்டோலாவைப் பற்றி இருக்கிற வீடியோவெல்லாம் பார்த்தேன். அவர்கள் கழியால் தள்ளுவதே இல்லை. நீளமான ஒற்றைத் துடுப்பு, அதுவும் வலது பக்கம் மட்டும். ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் படகு வட்டமடிக்க வேண்டுமே? அதற்காகத்தான் படகையே கோணலாகக் கட்டுகிறார்கள். பதினோரு மீட்டர் நீளப் படகில் இடது பக்கம் வலது பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். துடுப்பு சாய்கிற தாங்கி வால்நட் மரத்தில் செதுக்கியது. அதில் எந்த வளைவில் துடுப்பை வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முன்னால் போகலாம், நிறுத்தலாம், பின்னாலும் போகலாம். அந்தத் தாங்கியை மட்டும் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பாடுவதும் அனேகமாக அவர்கள் வேலை இல்லை. பாட்டு வேண்டுமென்றால் பாடகருக்குத் தனிக் காசு.

கட்டணம்தான் வயிற்றெரிச்சல். 2023 நவம்பரிலிருந்து பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, நம் காசுக்கு எட்டாயிரத்துக்கு மேலே. நகராட்சியே நிர்ணயித்த விலை, பேரம் கிடையாது. நான் நாலு பேருக்கு 800 ரூபாய் சொன்னால், குழந்தைக்குப் பாதி டிக்கெட் உண்டா என்று கேட்கிறார்கள். ஆனால் அங்கேயும் ஏத்தம் வத்தம் விடவில்லை. தண்ணீர் ஏறினால் தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. 2023 பிப்ரவரியில் ஒரேயடியாக வற்றி, சின்னக் கால்வாய்களில் கொண்டோலாக்கள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. அந்தப் படத்தை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவனுக்கும் வத்தமாடா? நம்மகிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றார்.

அதற்கப்புறம் நிமிஷக் கணக்கில் விலை சொல்வதை விட்டுவிட்டேன். முன்பெல்லாம் "அம்பது நிமிஷம்னு சொன்னீங்க, நாப்பத்திரெண்டுதான் ஆச்சு" என்று போனை நீட்டுவார்கள். இப்போது இடக் கணக்கு. பாலம் வரை போய் வருவது ஒரு விலை. திட்டு வரை போய் வருவது இன்னொரு விலை, தண்ணீர் இருந்தால் மட்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்றால், ஆகிற நேரம் ஆகும். ஆச்சரியம் என்னவென்றால் சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது. திட்டில் கூழைக்கடா உட்கார்ந்திருந்தால் நிற்கலாம், இல்லையென்றால் திரும்பலாம், யாருக்கும் ஏமாந்த மாதிரி இல்லை.

திட்டுக்குப் போகிற வழியில், வத்தம் தொடங்குகிற நேரமாக இருந்தால், இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். வலை இல்லை, தூண்டில் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்துகொண்டே கையால் அடிச் சேற்றைத் தடவுவார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலையாக இருக்க வேண்டும் அல்லவா. இறால் கையில் படுவதும் பறிக்குள் போவதும் கண்ணுக்கே தெரியாது. அந்த இடத்தில் நான் கழியை எடுத்துவிட்டுத் துடுப்பால் மெதுவாக விலகிப் போவேன். கழி ஊன்றினால் சேறு கலங்கி இறால் ஓடிவிடும். போனை நீட்டிக்கொண்டு "பக்கத்துல போங்கண்ணா" என்பவர்களுக்கு என் பதில், அவங்க ஆபீஸ்ல இருக்காங்க சார்.

ஆட்கள் விஷயத்தில் நான் கறார். படகுக்கு நாலு பேர், ஐந்தாவது ஆள் மடியில் உட்காருகிற குழந்தையாக இருந்தாலும் முடியாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அதற்கு முன்னால் 2009ல் தேக்கடியில் 45 பேர். விலங்கு பார்க்க எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள் என்று அப்போது படித்தது. நம் காயலில் யானை இல்லை, பூநாரை போதும். ஒரு செம்பருத்தி நிறச் சிறகு தெரிந்தால் நாலு பேரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பார்கள். அதனால் ஏறும்போதே சொல்லிவிடுவேன், பறவை எந்தப் பக்கம் வந்தாலும் படகை நான் திருப்புகிறேன், நீங்கள் திரும்ப வேண்டாம். லைப் ஜாக்கெட் போட்டால் பட்டுப்புடவை கசங்கும் என்கிறவர்களுக்குக் கரையிலேயே நல்ல பெஞ்சு போட்டிருக்கிறேன்.

வாய் அடைத்த மாதங்களில் ரிப்பேர். பாலத்துத் தூண்களில் கூரான ஓடுள்ள கொட்டலசும் ஆளியும் அப்பிக் கிடக்கும், லேசாக உரசினாலே பைபரைச் சீவிவிடும். அந்த இடத்தைத் தேய்த்து, கண்ணாடி இழை மேட் வெட்டி வைத்து, ரெசின் பூச வேண்டும். ரெசினில் முதலில் கோபால்ட் ஊற்றி நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் பற்றிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும். இந்த ஒரு விஷயத்தில் மாமா என்னை நம்புவதில்லை. முட்டி வலியோடு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

போன சீசனில் கையைக் கடித்தது ரிப்பேர் இல்லை, ஒரு கல்யாண ஏற்பாட்டுக்காரர்கள். படகு முழுக்கத் தெர்மாகோல் தாமரை ஒட்டினார்கள். காற்றில் பிய்ந்து காயல் முழுக்க வெள்ளை உருண்டை. வலை போட்டு அள்ளியது நாங்கள். பாக்கிப் பணம் இன்னும் வரவில்லை. போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறார்கள்.

வருவதாக இருந்தால் நேரம் கேட்காதீர்கள், தேதியைச் சொல்லுங்கள். மணியை நான் பார்த்துச் சொல்கிறேன். காலை ஆறரை என்று சொன்னால் ஆறரைதான், எட்டு மணிக்கு வந்து பார்த்தால் படகு சேற்றில் இருக்கும், நான் டீக்கடையில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைத் தவிர்க்கலாம், பாலத்து ஹாரன் சத்தத்தில் பறவை நிற்காது. முக்கியமாக வண்டியைத் தாழம்புதரைத் தாண்டி மணலில் இறக்காதீர்கள். இறங்கிய ஒரு புதுக் காரை இழுத்து மேலே விட, டிராக்டர்க்காரர் என்னுடைய மூன்று டிரிப் காசைக் கேட்டார்.