திருவிருந்து ஞாயிறும் ஒரு சேவலும்

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் காலை நாலு மணிக்கே லைட் எரியும். குடியாத்தம் பக்கம் மூன்று கிராமச் சபைகள் ஆயரான என் வீட்டுக்காரர் பொறுப்பில். மற்ற வாரங்களில் உபதேசியார்கள் ஆராதனையை நடத்திவிடுவார்கள். திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் மட்டும் குருப்பட்டம் பெற்றவர்தான் கொடுக்க வேண்டும். ஆக ஒரே நாளில் மூன்று ஊர். பிரசங்கம் மூன்று ஊருக்கும் ஒன்றுதான். சாப்பாடுதான் ஒவ்வொரு ஊரிலும் புதிது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

வண்டி, டிவிஎஸ் எக்ஸ்எல். இதே குடியாத்தம் சாலையில் நூறு வருஷத்துக்கு முன்னாடியே, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் காரில் போய், மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுத்தாராம். நாங்கள் மொபெட்டில் போகிறோம். முன்பக்கம் அங்கியும் திருவிருந்துப் பாத்திரங்களும் இருக்கும் பை, பின்னால் நான், என் மடியில் திராட்சை ரசம். பள்ளம் வந்தால் அவர் "பிடிச்சிக்கோ" என்பார். என்னையா ரசத்தையா என்று இன்றுவரை கேட்டதில்லை.

முதல் ஊரில் அன்றைக்கு அறுப்பின் பண்டிகை. பீடத்துக்கு முன்னால் வேர்க்கடலைச் செடி, மஞ்சள் பூசணி, வாழைத்தார், ஒரு கூடை முள்ளுக் கத்திரிக்காய். வேலூர் பக்கத்து இலவம்பாடி ஊரின் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தாலும் கிடைத்தது, எங்கள் பக்கம் எந்தக் கத்திரிக்காயில் முள் இருந்தாலும் அது இலவம்பாடிதான். எல்லாவற்றுக்கும் ஓரமாகக் காலைக் கட்டிப் போட்ட சேவல் ஒன்று. செங்காவி நிறம், கழுத்தில் மட்டும் பொன் தடவியது மாதிரி. பாவ அறிக்கை முடியும்வரை சும்மா இருந்துவிட்டு, பிரசங்கம் ஆரம்பித்ததும் கூவத் தொடங்கியது.

ஆராதனை முடிந்து ஏலம். சேவல் நூற்றைம்பதில் தொடங்கி ஐந்நூறு, அறுநூறு என்று ஏறியது. பெங்களூரில் கொத்தனார் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தொள்ளாயிரத்துக்கு எடுத்து, அங்கேயே எங்களிடம் கொடுத்துவிட்டார். ஏலத்தில் எடுத்ததை ஆயர் குடும்பத்துக்கே கொடுப்பது அந்த ஊரில் ஒரு மரியாதை. "சேவல் ஐயர் வீட்டுக்கு!" என்று ஏலம் விட்டவர் கத்தினதும், பந்தல் பிரிக்க வந்திருந்த வெளியூர்ப் பையன் திகைத்துத் திரும்பிப் பார்த்தான். எங்கள் பக்கம் ஆயரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று அவனுக்கு யார் சொல்வது?

கிளம்பும்போது அதை வளர்த்த ஆயா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அறுத்துடாதீங்கம்மா. குஞ்சுல இருந்து என் கையால தீனி வச்சது. வச்சி வளருங்கோ."

"சத்தியமா வளர்க்கிறேன் ஆயா" என்றேன்.

கட்டைப்பையில் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சேவலும் எங்களோடு வந்தது. இரண்டாவது ஊரில் இறங்கினதும், சபை மூப்பர் வீட்டு மருமகள் ஓடிவந்து பையை வாங்கினாள். "நிழல்ல வைம்மா" என்று சொல்லிவிட்டு நான் கோயிலுக்குள் போய்விட்டேன். ஆராதனை, அப்புறம் பெண்கள் கூட்டம், அப்புறம் ஒரு ஞானஸ்நானம். இலையில் உட்காரும்போது மணி இரண்டரை.

கேழ்வரகுக் களி, மேலே குழம்பு. இவர் இரண்டாவது உருண்டையில் இருந்தார். "குழம்பு பிரமாதம்மா" என்றதும் மூப்பர் சம்சாரம் முகமெல்லாம் சிரிப்பாக, "எல்லாம் அம்மா கொண்டாந்த சேவல்தாங்க ஐயா. இங்க வர்றதுக்குக் கையோட கோழியும் கொண்டாரணுமா? நாங்களே அடிச்சிருப்போமே!" என்றார்.

எனக்குக் களி தொண்டையில் நின்றது. எட்டிப் பார்த்தேன். துவைக்கிற கல் பக்கத்தில் கட்டைப்பை மடித்து வைத்திருந்தது. அதன்மேல் ஒரே ஒரு பொன் நிற இறகு. அந்த அம்மா ஆசையாக இன்னொரு துண்டு வைத்தார். என்ன செய்ய, சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

வழியில் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டி, வேலமரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, யாருக்குத் தெரியப்போகுது" என்று மறுபடி உதைத்தார்.

மூன்றாவது ஊரில் காப்பி கொண்டுவந்த பெண்ணின் சாயலை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஆயாவின் மகள்! அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"சேவல் எப்படி இருக்குதுங்க ஐயா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷரைக் கட்டிக்கொண்டால் இதுதான். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

"இருந்துச்சா?"

வேறு வழியில்லாமல் நான் முழுக்கதையும் சொன்னேன். அந்தப் பெண் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே அங்கேயே ஆயாவுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஆயாவின் குரல் வந்தது.

"கொழம்பு வச்சாங்களா, வறுத்தாங்களா?"